ஏச்சு வாங்க ஒரு ஆள்

தொண்ணூறுகளின்ரை கடைசியில, மற்றவை எழுதிற புரோகிராமில பிழை பிடிக்கிறதுக்கு நான் ஒரு புரோகிராம் எழுதினன். பார்க்டேல் அப்பார்ட்மென்ட்டில, சாப்பாட்டு மேசையில இருந்து எழுதினது. எழுதின கோட் முழுவதையும் இன்டர்நெட்டில சும்மா போட்டன். ஆரும் எடுக்கலாம், மாத்தலாம். பிழை பிடிக்கிறது எங்கடை சனத்துக்குப் பிறவிக்குணம். அதுக்கு எப்பிடிக் காசு கேக்கிறது?

மிசிசாகாவில ஒரு கொம்பனி மனேஜர் அதைப் பாவிச்சார். கிழமைக்கு மூண்டு தரம் ஃபோனில சந்தேகம் கேட்டார். ஒருநாள் நேரில போய்த் திருத்திக் குடுத்தன். "எவ்வளவு?" எண்டார். "சீச்சீ, உதுக்கென்ன காசு" எண்டதை இங்கிலிசில சொன்னால் விசரன் சொல்லுற மாதிரி இருக்கும். சொல்லிப்போட்டு வந்தன்.

அடுத்த மாதம் அவர் வேறை ஒண்டை விலைக்கு வாங்கிட்டார். "உன்ரைதான் நல்லது. ஆனால் பழுதாப் போனால் நாங்கள் ஆரை ஏசுறது?" எண்டு கேட்டார்.

இதைக் கேட்ட என்ரை மனிசி உடனை ஒரு ஒப்பந்தம் ரைப் பண்ணினா. புரோகிராம் இலவசம், பழுதானால் ஏச்சு வாங்கித் திருத்த ஒரு ஆள், அதுக்கு வருசக் கட்டணம். மனேஜர் விலைக்கு வாங்கினதை விட்டிட்டு, மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைச்சார். அதோடை அவரின்ரை ஃபோனும் நிண்டுது. வருசம் முடிய நானே எடுத்து, ஏதும் பிழையோ எண்டு கேட்டன்.

"ஒண்டுமில்லை. ஏசுறதுக்கு ஒரு ஆள் இருக்கெண்டால் மனசுக்கு நிம்மதி."

மனிசியிட்டைச் சொன்னன். அவ சிரிக்கக்கூட இல்லை.

"எனக்குத் தெரியாதோ?" எண்டா.