படிக்கட்டு நாகம்

பர்மாவின் லான்மடாவில் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் ஒன்றின் தமிழ்க் காவலாளி அவர். ஒற்றை நாடி உடம்பு, வெற்றிலையில் சிவந்த பற்கள். படிக்கட்டுக் கைப்பிடியில் செதுக்கிய மரநாகத்துக்கு மஞ்சள் பூசிவிட்டுத்தான் தினமும் கதவைத் திறப்பார்.

நான் சுற்றுலா வழிகாட்டி. நாகத்தைக் கும்பிட்ட 'அரி' என்ற துறவிகளைப் பகான் மன்னன் மதத்துரோகிகளென்று விரட்டிய பழங்கதையைப் பயணிகளுக்குச் சொல்லிவிட்டு, அவரைக் கைகாட்டினேன்: "கடைசி அரி இவர்தான்."

எல்லோரும் சிரித்தார்கள், அங்கே நின்றிருந்த கட்டட மேனேஜரைத் தவிர.

காவலாளி என்னிடம் கேட்டார்: "கும்பிட்டவங்கள வெரட்டுனாங்க, சரி. பாம்ப என்னண்ணே செஞ்சாங்க?"

"கோயில்லயே வச்சுக்கிட்டாங்க."

மறுவாரம் வாசலில் வேறு ஆள் நின்றார். மஞ்சள் பூசியதற்காகப் பழையவரை நிறுத்திவிட்டார்களாம். நாகத்துக்குப் புது வார்னிஷ் அடித்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நின்று, அதே கதையை நான் மறுபடியும் சொன்னேன்.