கொக்கோப் பூவுக்கு வந்த ஈ

1. பூவைப் பார்க்கும் வேலை

நான் அரசாங்கப் பூச்சி ஆராய்ச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கொக்கோ மரத்தடியில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொக்கோ பூப்பது அடிமரத்துப் பட்டையிலும் தடித்த கிளைகளிலும்தான். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். விடியும் நேரத்தில் விரியும். அந்தப் பூவுக்குள் யார் வந்து போகிறார்கள் என்று பார்ப்பதே எனக்குக் கொடுத்த வேலை.

மாத்தளை டவுனில் என் வாப்பாவுக்குப் புடவைக்கடை இருந்தது. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய மகன் அரசாங்க வேலைக்குப் போகிறான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். அன்று பின்னேரம் சட்டையெல்லாம் மண்ணாக வீடு திரும்பியபோது, "என்னடா வேல குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"ஈ வருதான்னு பாக்கணும் வாப்பா."

"வந்திச்சா?"

"இல்ல."



அறுபதுகளின் கடைசிப் பகுதி அது. மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவுக்குப் போகும் வழியில் உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் எங்கள் ஆய்வு நடந்தது. அங்கே கொக்கோ மரங்கள் நன்றாகப் பூத்தன. ஆனால் பூக்கள் மறுநாளே உதிர்ந்தன, காய் பிடிக்கவில்லை. மரம் கிழடாகிவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ரப்பர் வைக்கலாம் என்று தோட்டத்தை நடத்திய துரை முடிவெடுத்திருந்தார். ரப்பர் பால் தரப் பல வருடம் ஆகும். அதுவரை லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனங்களுக்கு வேலை கிடையாது. வேறு தோட்டம் தேடி மூட்டை கட்டவேண்டியதுதான்.

2. வாழைத்தண்டு

எங்கள் ஆராய்ச்சி அதிகாரி சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். மெல்லிய பிரஷ்ஷால் ஒரு மரத்து மகரந்தத்தை எடுத்து இன்னொரு மரத்துப் பூக்களில் அவரே தடவினார். தடவிய பூக்களில் பல பிஞ்சாயின. தடவாதவை உதிர்ந்தன.

"மரத்திலை ஒரு குறையும் இல்லை, நஸீர். பூவுக்கு வாற ஆள்தான் வரேல்லை" என்றார்.

அந்த ஆள் யார் என்பதைத் தோட்டத்தின் எல்லையில், ஓடைக்கரையில் கண்டோம். அங்கே யாரும் கூட்டுவதில்லை, மருந்தடிப்பதும் இல்லை. விழுந்த வாழைகளும், விதை போன கொக்கோக் காயின் ஓடான கோதுகளும் அப்படியே அழுகிக் கிடந்தன. பக்கத்திலிருந்த கொக்கோ மரங்களில் மட்டும் காய்கள் தொங்கின. அழுகிய தண்டு ஒன்றைப் பிரித்து லென்ஸில் பார்த்தேன். தண்டின் ஈரமான உள்பகுதியில் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன. தண்டைச் சாடியில் போட்டு வலைத்துணியால் மூடி வைத்தோம். சில நாளில் அதிலிருந்து ஈக்கள் வந்தன. கடுகைவிடச் சிறியவை. பார்த்தால் குட்டிக் கொசு, எங்கள் பேச்சில் நுளம்பு, என்றே தோன்றும். மறுவாரம் ஓடைக்கரைப் பூவுக்குள் அதே ஈ நுழைவதை என் கண்ணால் பார்த்தேன். முதுகில் மகரந்தம் ஒட்டியிருந்தது. நான் போட்ட சத்தத்தில் ஈ பறந்துவிட்டது. ஐயா சிரித்தார்.

துரையிடம் போய், சருகைக் கூட்டி எரிக்கவேண்டாம், மரத்தடியில் வாழைத்தண்டும் கொக்கோக் கோதும் அழுகட்டும், மருந்தடிப்பதையும் நிறுத்துங்கள் என்று கேட்டோம். துரை சிங்களவர். தோட்டத் தமிழ் பேசுவார்.

"நீங்க பூச்சி புடிக்க வந்ததா, பூச்சி வளக்க வந்ததா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, கீழ்மல மட்டும். அடுத்த காய் சீசன் வரைக்கும். அதுக்கப்புறம் நான் புடுங்குறது" என்றார்.

3. பார்வதி

துரையைவிடக் கடினமாக இருந்தவர் பார்வதி. தோட்டத்தின் தாழ்ந்த பகுதியான கீழ்மலையில் வேலை செய்யும் பெண்களுக்கு அவர் சொன்னதுதான் சட்டம். மலேரியா ஒழிந்துவிட்டது என்று நாடே நம்பியிருந்த பிறகு அந்தக் காய்ச்சல் திரும்பிவந்த காலம் அது. அவருடைய மூத்த மகளை அது கொண்டுபோயிருந்தது.

"குப்பையப் போட்டு கொசு வளக்கச் சொல்றீங்களா ஐயா? நாங்க தொடமாட்டோம்" என்றார். வாழைத்தண்டைத் தூக்கவந்த பெண்கள் எல்லோரும் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

இது வேறு ஈ, கடிக்காது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். சிவபாதம் ஐயா என்னை நிறுத்தினார். "பொறும். அவ பிள்ளையைக் குடுத்தவ. முதல்லை நாங்கள் பாத்திட்டுச் சொல்லுவம்."

ஓடைக்கரையில் கிடந்த கோதுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மழைத்தண்ணீர் தேங்கிய சிலவற்றில் நுளம்பின் புழுக்களான குடம்பிகள் துள்ளின. மலேரியா நுளம்பு அல்ல, ஆனால் நுளம்புதான். அதை ஒளிக்காமல் பார்வதியிடம் காட்டினோம். கோதை உடைத்து, தண்ணீர் தேங்காமல் சருகுக்குள் புதைத்தால் நுளம்பு வராது, நம் ஈ மட்டும் வரும் என்றும் சொன்னோம். அப்படிச் செய்த கோதையும் காட்டினோம். அவர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடிக்காதுன்னு சொன்னீங்களே, அது எங்க?"

தண்டிலிருந்து வந்த ஈக்களை அடைத்திருந்த வலைக்கூட்டைக் கொண்டுவந்தேன். உள்ளே அவை பறந்துகொண்டிருந்தன. நான் கையைவிடப் போனேன். அவர் என்னை விலக்கிவிட்டுத் தன் கையை முழங்கைவரை உள்ளேவிட்டார். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஈக்கள் அவர் வளையலில் உட்கார்ந்தன, எழுந்தன. வெகுநேரம் கழித்துக் கையை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு தடிப்பும் இல்லை.

"லயத்துப் பக்கம் ஒரு தண்டும் வரக்கூடாது. மலையில மட்டுந்தான்" என்றார். பிறகு பெண்களைப் பார்த்து, "என்னாடி நிக்கிறீங்க, தூக்குங்க" என்றார்.

4. காய்

அடுத்த சீசனில் கீழ்மலை மரங்களில் அடிமரம் முழுக்கப் பிஞ்சுகள் பிடித்தன. துரை வந்து ஒரு மரத்தைச் சுற்றி நடந்தார். எங்களைப் பாராட்டவில்லை. "இந்த மலய புடுங்க வேணாம்" என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மேல்மலைக்கு ஏற்கெனவே ரப்பர் கன்று வந்துவிட்டது. அதை எங்களால் தடுக்க முடியவில்லை. ஆனால் கீழ்மலை லயத்திலிருந்து ஒரு குடும்பமும் மூட்டை கட்டவில்லை.

அன்று பின்னேரம் மலையைக் கடந்து வந்தபோது, புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் துடைப்பத்தோடு சருகைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பார்வதி மேலேயிருந்து சத்தம் போட்டார்: "ஏய், வையிடி அத! ஈ குடியிருக்குற எடம்."

பூச்சித் துறைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு ஈயைக் கொல்லவேண்டுமா, காப்பாற்றவேண்டுமா என்று முடிவெடுக்குமுன் அது எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது என்று பாருங்கள். அந்த ஈக்குப் பயப்படுகிற மனிதர் இருந்தால், உடனே விளக்கம் சொல்லப் போகாதீர்கள். அவர் பயப்படும் இடத்தையும் முதலில் ஒருமுறை குனிந்து பாருங்கள்.