அத்திப்பழத்தில் வெட்டிய வழி

பெங்களூரில் குடிபோக வீடு பார்த்துவிட்டேன் என்று மகள் நான் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தை மூடும்வரை அதற்குள் ஷிப்ட் பார்த்தவர் அவர். "நீயும் வாப்பா" என்றால், "நான் இன்னாத்துக்கு?" என்பார். வெறும் பிடிவாதம் என்று எனக்கு எரிச்சல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் இருக்கும் அத்திமரத்தின் பழம் ஒன்றைப் பிட்டேன். உள்ளே குட்டிக் குட்டிப் பூச்சிகள். வீசப்போனேன்.

"இரு, இன்னா பூச்சி அது?" என்று அப்பா கையை நீட்டினார்.

பேசினாரே என்று உடனே போனில் தேடிப் படித்துச் சொன்னேன். அது அத்திக்குளவி. தாய்க்குளவி உள்ளே நுழையும்போதே இறக்கை பிய்ந்துவிடும். முட்டையிட்டு அங்கேயே சாகும். பிறக்கும் ஆண்களுக்கு இறக்கையே கிடையாது. பழத்தைக் குடைந்து வழி வெட்டிவிட்டுச் செத்துப்போகும். அந்த வழியாகப் பெண்குளவிகள் மகரந்தத்தோடு வேறு அத்திமரத்துக்குப் பறந்துவிடும்.

அப்பா பழத்தோலில் இருந்த ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினார்.

"உள்ள இருந்துதான் ஒடச்சிருக்கான்" என்றார். "சரி, பொண்ணுங்க வெளிய போவலன்னா?"

"அதுங்க போய்ச் சேர வேண்டிய மரத்துல பிஞ்செல்லாம் கொட்டிடும்பா."

பழத்தை மெதுவாக மரத்தடியில் வைத்தார். பிறகு கேட்டார்: "எந்த ட்ரெயினு? ஸ்டேஷன் வரைக்கும் பொட்டிய நான் தூக்கினு வரேன்."

அதன்பிறகு "நீயும் வா" என்று நான் அவரைத் தொல்லை செய்யவில்லை. பறந்துபோன குளவி திரும்பி வராதாம். நான் ஞாயிறுதோறும் வருகிறேன்.