ஷகீலா வீட்டுக்கு வந்த புதுக் கம்ப்யூட்டர்

எம்பிராய்டரி மெஷின் கெட்டுப்போனதால்தான் ஷகீலா தியாகராய நகருக்கு வேலைக்குப் போகிறாள் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். அது தவறு. மெஷினில் ஒரு பழுதும் இல்லை. அவள் வீட்டு மாடியில் குடியிருப்பவன் என்பதால், நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

கணவன் வேறொருத்தியை மணந்துகொண்டு போனபின், திருவல்லிக்கேணியில் தாய் வீட்டு முன்னறையில் அந்த மெஷினைப் போட்டாள். கம்ப்யூட்டரில் அவள் வரையும் பூவேலையை மெஷின் ரவிக்கைத் துணியில் தைக்கும். முகூர்த்த மாதங்களில் தியாகராய நகர் பாண்டி பஜார் கடைக்காரர் ஒருவர் மூட்டை மூட்டையாகத் துணி அனுப்புவார். யார் கையையும் எதிர்பார்க்காமல் அவள் வாழ்ந்தது அந்த முன்னறையால்தான்.

2024 மார்ச்சில் கம்ப்யூட்டர் தானாக அணைய ஆரம்பித்தது. ரிச்சி தெருவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜீஷான் வந்து பார்த்தான்.

“போர்டு போய்க்கினு கீதுக்கா. டிஸ்க் நல்லா கீது. உங்க டிசைன் சாஃப்ட்வேர் அதுலதான் கீது, விண்டோஸ் ஏழுல மட்டுந்தான் ஓடும். வித்தவன் கடையையே மூடிட்டுப் பூட்டான், மறுபடி கெடைக்காது. செகண்ட் ஹேண்டா ஒண்ணு பாக்குறேன். புது பிராசஸர்ல ஏழு ஓடாது, ஆறாவது ஜெனரேஷனுக்கு மேல வேணவே வேணாம். டிஸ்க்கைக் கழட்டி அதுல மாட்டிர்லாம்.”

ரம்ஜான் பெருநாள் கழிந்ததும் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு.

பெருநாளன்று, ஏப்ரல் 11, துபாயிலிருந்து வந்திருந்த அண்ணன் தௌஃபீக், தங்கைக்குப் பரிசாகப் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய மாமனார் வீட்டார் விருந்துக்கு வந்திருந்தார்கள். எனக்கும் அழைப்பு இருந்தது.

“பதிமூணாவது ஜெனரேஷன்!” என்றார் தௌஃபீக்.

ஜீஷான் சொன்னதை ஷகீலா தணிந்த குரலில் சொன்னாள்.

“துட்டு குடுத்து எவனாச்சும் பழசு வாங்குவானா? அவன் கடைச் சரக்கைத் தள்ளப் பாக்குறான்மா.”

பழைய டிஸ்க்கைத் தாமே கழற்றிப் புதியதில் மாட்டினார். விண்டோஸ் சின்னம் தோன்றியது. திரை நீலமாகி அணைந்தது. மறுபடியும் அதேதான்.

“இன்னா மாப்ளே, பொட்டி இன்னும் நோன்பு தொறக்கலியா?” என்றார் மாமனார். எல்லாரும் சிரித்தார்கள்.

தௌஃபீக்கின் முகம் சிவந்தது. “பழைய விண்டோஸ்தான் மாமா கோளாறு. பதினொண்ணு போட்டா பறக்கும்” என்று பென் டிரைவைச் செருகினார். டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று திரையிலேயே எச்சரிக்கை வந்தது.

“அண்ணே, வேணாம்ணே. அதுலதான் என்னோட...”

“ஷகீலா!” என்றார் தாயார். “பெருநாளும் அதுவுமா, சம்பந்தி வூட்டாரு எதிர்ல அண்ணங்கிட்ட மல்லுக்கு நிக்காத. போய் சேமியாவைக் கொண்டா.”

அவள் சமையலறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. சேமியாக் கிண்ணங்களை மாமனாரிடமிருந்து தொடங்கி வரிசையாகக் கொடுத்தாள். விண்டோஸ் பதினொன்று ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. கைதட்டினார்கள்.

மறுநாள் ஜீஷான் வந்து வெகுநேரம் தேடினான். சாஃப்ட்வேரும் இல்லை, அவள் வரைந்தவையும் இல்லை.

“ஒரு ஃபோன் போட்டிருக்கக் கூடாதாக்கா?” என்றான்.

புதிதாக வேறு சாஃப்ட்வேர் வாங்குவதென்றால் இன்னொரு மெஷின் விலை. துணி மூட்டைகள் நின்றன. ஜூனில் பாண்டி பஜார்காரர் தம் கடையிலேயே ஒரு மெஷினைப் போட்டு, பழகிய கை என்று ஷகீலாவைக் கூப்பிட்டுக்கொண்டார். இப்போது மாதச் சம்பளம். தாமதமாகப் போனால் பிடித்தம்.

வெள்ளிக்கிழமை காலைகளில் தௌஃபீக் வீடியோ அழைப்பில் வருவார். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது அதற்குத்தான் பயன்படுகிறது. போன வாரம் நான் வாடகை கொடுக்கக் கீழே போனபோது அவர் குரல் கேட்டது. தங்கைக்குத் தொழில் வைத்துக் கொடுத்ததாகப் பக்கத்திலிருந்த யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“இன்னாம்மா, பொட்டி எப்படி ஓடுது?”

துணி போர்த்திய மெஷின் மேல் வைத்திருந்த சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டியபடி ஷகீலா சொன்னாள்:

“சூப்பரா ஓடுதுண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு. அம்மாகிட்ட பேசுங்க.”