வெயிலில் விழுந்த வௌவால்கள்

எங்கள் தெருவில் அவளை எல்லோரும் வவ்வாலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக வைத்த பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. அவள் வீட்டுக்காரரே ஒருமுறை போனில், "ஆமாங்க, வவ்வாலக்கா வீட்டுக்காரர்தான் பேசுறேன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ரத்தக்கறையும் மருந்து நெடியுமாக வருகிற விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்ப வேண்டும். கூடத்துக்குப் பின்னால் ஒரு கால்வாய். அதன் கரை மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தலைகீழாய்த் தொங்கும். ஒருநாள் அவற்றில் ஒன்று, பக்கத்துத் தோட்டத்தில் பழமரத்துக்குப் போர்த்தியிருந்த நைலான் வலையில் மாட்டி, இறக்கை கிழிந்து கத்திக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் அடிக்கக் கம்பு தேடினார்கள். இவள் ஒரு பழைய விரிப்பை மடித்துக் கொண்டுவந்து, அதன்மேல் போட்டுச் சுருட்டி, வலையோடு அறுத்தெடுத்துக் கால்நடை மருத்துவமனைக்கு ஓடினாள். அது பிழைக்கவில்லை. ஆனால் அங்கிருந்த டாக்டரம்மா அவளை விடவில்லை.

"பயப்படாம தூக்கிட்டு வந்தீங்களே அக்கா! இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டிருந்தேன்" என்று சொல்லி, முதலில் வெறிநோய்த் தடுப்பூசி போடவைத்தார். பிறகு தடித்த தோல் கையுறை கொடுத்து வேலையைக் கற்றுக்கொடுத்தார்.

வலையில் சிக்கியவை, மின்கம்பியில் கருகியவை, முள்கம்பியில் பிய்ந்தவை என்று வந்துகொண்டே இருந்தன. பாதிக்கு மேல் அவள் மடியிலேயே அடங்கிவிடும். இனித் தேறாது என்று தெரிந்தவற்றுக்கு டாக்டரம்மா கடைசி ஊசி போடும்போது, பிடித்துக்கொள்வதும் அவள்தான். வீட்டுக்கு வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல் அடுப்பைப் பற்றவைப்பாள். கேட்டால்தான் சொல்வாள். கேட்பவர்கள் குறைவு.

அவள் வீட்டுக்காரர் வெல்டர். இரும்புக் கேட்டும் சன்னல் கம்பியும் செய்கிற பட்டறை, வீட்டை ஒட்டியே இருந்தது. "ஆளுக்கு ஒரு பைத்தியம் வாய்க்கும். எனக்கு வாய்ச்சது தலைகீழாத் தொங்குது" என்று வாடிக்கையாளர்களிடம் அலுத்துக்கொள்வார். ஆனாலும் மிச்சக் கம்பிகளை வைத்துக் கொல்லைப்புறத்தில் கூண்டுகள் செய்துகொடுத்தது அவர்தான். எங்கேயும் பிசிறு குத்தாதபடி ஒவ்வொரு முனையையும் அரத்தால் தேய்த்திருந்தார். கிட்டே மட்டும் போகமாட்டார். "மூஞ்சியப் பாத்தா நாய்க்குட்டி, உடம்பப் பாத்தா கிழிஞ்ச குடை. எதை நம்புறது?" என்பார்.

அந்த வருஷத்துக் கோடை எல்லோரையும் சுருட்டிப் போட்டது. ஒரு மத்தியானம் சலவைக்கூடத்தின் பின்வாசலுக்கு வந்தவள் மரங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வௌவால்கள் இறக்கைகளை விசிறிபோல வீசிக்கொண்டிருந்தன. தங்கள் எச்சிலாலேயே உடம்பை நனைத்துக்கொண்டன. அதுவும் போதாமல், நிழல் தேடி அடிமரத்துக்கு இறங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தன. கீழே இருந்தவை மூச்சுமுட்டிச் செத்தன. மேலே இருந்தவை பழம் உதிர்வதுபோல் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஈர விரிப்புகளை வாரிக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மாவும் இன்னும் சிலரும் தெளிப்பான்களோடு வந்தார்கள். தண்ணீர் போதவில்லை. அவள் போன் செய்ததும் வெல்டர் தன் சரக்கு ஆட்டோவில் தண்ணீர் டிரம்களை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"இறக்கி வச்சிட்டுப் போயிடுங்க. எதையும் தொடாதீங்க. நீங்க ஊசி போடலை" என்றாள்.

அவர் தலையாட்டினார். ஆனால் போகவில்லை. மரத்தடி முழுக்கக் கறுப்பாக இருந்தது. செத்த தாய்களின் மார்பில் குட்டிகள் இன்னும் வாயை எடுக்காமல் ஒட்டிக்கொண்டிருந்தன. உதவிக்கு வந்தவர்கள் கையுறைக் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும்போது அவை போட்ட சத்தம், பூனைக்குட்டிச் சத்தம்போல் இருந்தது. வெள்ளைக் கழுத்துள்ள ஒரு குட்டி மட்டும் தாயைவிட்டு நழுவி, கொதிக்கிற தார்ச்சாலையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. வெல்டர் குனிந்து வெறுங்கையால் அள்ளினார். அள்ளி, யாரும் பார்க்குமுன் கூடையில் மற்றவற்றோடு விட்டுவிட்டார்.

அன்று காப்பாற்றிய குட்டிகள் கொல்லைப்புறக் கொட்டகைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, கட்டிப்பிடித்துக்கொள்ள ஒரு துணிச்சுருள் கொடுத்து, சொட்டுக்குழாயில் பால் புகட்டினாள். அடுத்த வீட்டிலிருந்த நாத்தனார் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "அண்ணி, ஊருக்கெல்லாம் ஆஸ்பத்திரி நடத்துங்க, வேணாங்கலை. என் சுவரை விட்டுத் தள்ளி நடத்தக்கூடாதா?" என்றாள்.

மறுநாள் காலையில் வெல்டர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். "அந்த வெள்ளைக் கழுத்துக் குட்டி பால் குடிச்சுதா?"

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளே போய் டீ போட்டு வந்து கொடுத்தாள். தம்ளரை வாங்க நீட்டிய கையில், பொறி பட்ட தழும்புகளுக்கு நடுவே, கட்டைவிரலுக்குக் கீழே, சிவந்துபோன இரண்டு சின்னத் துளைகள் இருந்தன.

"இது என்னங்க?"

"பொறி பட்டுது."

"பொறிக்கு ரெண்டு பல்லு கிடையாது. எது கடிச்சுது?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "சொன்னா அதைக் கொன்னுடுவாங்கல்ல? கடிச்சதைக் கொன்னுதான் சோதிப்பாங்கன்னு முன்ன ஒரு தடவை நீதானே போன்ல பேசிட்டிருந்தே."

"உங்களுக்கு மூளை இருக்கா? வெறிநோய் வந்தா யாரும் பிழைக்கமாட்டாங்க, தெரியுமா?" அவர் தோளில் இரண்டு கையாலும் குத்தினாள். பிறகு அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். துளைகளைச் சோப்புத் தண்ணீரில் வெகுநேரம் கழுவி, காயத்தைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டார்கள்.

சாயங்காலம் டாக்டரம்மா கொட்டகைக்கு வந்தார். "அதைச் சோதிச்சே ஆகணும் அக்கா. மூளையைத்தான் பாக்கணும், உயிரோட பாக்க முடியாது."

"அதான் நான் ஊசி போட்டுக்கிட்டேனே டாக்டரம்மா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார் வெல்டர்.

"எல்லாக் குட்டியும் ஒரே கூடையில கிடந்திருக்கு. அதுக்கு நோய் இல்லைன்னு தெரிஞ்சாதான் மத்ததை வளக்க முடியும், வெளியே விட முடியும். எதுன்னு காட்டுங்க அண்ணே."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தக் குட்டி என்று காலையிலேயே அவள் புரிந்துகொண்டிருந்தாள். ஆனால் அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்தாள். கடைசியில் அவர் கை நீண்டது. வெள்ளைக் கழுத்து துணிச்சுருளைக் கட்டிக்கொண்டு, அதன் நுனியைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தது. சுருளோடு சேர்த்தே அதை எடுத்து அவள் மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி இறங்கியபோது அது விழிக்கவில்லை. வெல்டர் வெளியே போய், பட்டறை விளக்கைப் போட்டுக்கொண்டு எதையோ அரத்தால் தேய்க்க ஆரம்பித்தார்.

சோதனை முடிவு வந்தது. நோய் இல்லை. நாத்தனார் ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் மனைவியைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லாததுக்கா கொன்னோம்?"

"ஒண்ணும் இல்லைன்னு தெரியறதுக்கு" என்றாள் அவள்.

மற்ற குட்டிகளில் சில, நுரையீரலில் சளி கட்டிச் செத்தன. மீதி வளர்ந்து கம்பியில் தொங்கப் பழகின. மழை வந்து காற்று குளிர்ந்த பிறகு, கால்வாய்க் கரையில் கூண்டைத் திறந்துவிட்டார்கள். அந்த மரங்களில் பாதிக் கிளைகள் காலியாகவே கிடந்தன. செத்தவற்றை லாரிகளில் அள்ளிப் போன பிறகும், அந்த நாற்றம் வெகுநாள் சலவைக்கூடத்து விரிப்புகள்வரை வீசியது.

வெல்டர் ஊசிகளை ஒழுங்காகப் போட்டு முடித்து, தனக்கும் கையுறை வாங்கிக்கொண்டார். அடுத்த கோடைக்கு முன்னால், மரக்கிளைகளில் குழாய் இழுத்து, தண்ணீர் தூவுகிற அமைப்பு ஒன்றைச் செய்தார். கோடை வந்தது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறவரை அது வேலை செய்தது. பிறகு வௌவால்கள் மறுபடியும் விழ ஆரம்பித்தன; போன வருஷத்தைவிடக் கொஞ்சம் குறைவாக.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் அவர் முகத்தைப் பார்த்து, "போதும், நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்குறேன்" என்றாள்.

"இந்த மரத்தடியை இன்னும் பாக்கலை" என்று சொல்லிவிட்டு அவர் குனிந்து, செத்துக் கிடந்த ஒன்றின் இறக்கையை மெல்ல விலக்கி, உள்ளே குட்டி இருக்கிறதா என்று தேடினார்.