நாய் கடிக்காத நாட்கள்

பொன்மணியின் கைகளைப் பார்ப்பவர்கள் முதலில் தீக்காயமா என்றுதான் கேட்பார்கள். தீ இல்லை, பல். மட்டாஞ்சேரியில் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு உதவியாளர் வேலை. டாக்டர் ஊசி போடும்போது நாயின் வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனையைத் துணியில் சுற்ற வேண்டும், ஆட்டின் காலை மடக்கி வைக்க வேண்டும். நான்கு தலைமுறைக்கு முன்னால் மிளகு மண்டிக்கு வேலைக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பம் அவளுடையது. வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம், திட்டுவது இரண்டிலும்.

செவ்வாய்க்கிழமை மதியம் மட்டும் ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். நாலாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். மண்டித் தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகள், மீன்காரர் வீட்டுப் பிள்ளைகள், தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவள் தலை தெரிந்ததும், "பட்டி டீச்சர் வந்தூ!" என்று கத்துவார்கள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். பொன்மணிக்கு அதில் வருத்தமில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து, பெஞ்சுகளுக்கு நடுவே உறுமிக்கொண்டே வருவாள். பிள்ளைகள் மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். சிரித்தவனுக்குக் கடி.

ஓடாதே, நில். கீழே விழுந்தால் மிளகு மூட்டை மாதிரி சுருண்டுகொள். சாப்பிடுகிற நாயைத் தொடாதே. குட்டி போட்டதை எட்டிப் பார்க்காதே. கல் எறியாதே, அதற்கும் வலிக்கும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவு, உடனே பெரியவர்களிடம் சொல். அவள் பாடம் இவ்வளவுதான். நல்ல பாடம். அதோடு விட்டிருக்கலாம்.

அவள் புருஷன் நல்லசிவம் துறைமுகக் கிடங்கில் வேலை பார்க்கிறார். அங்கே வாசலில் ஒரு பலகை உண்டு, விபத்தில்லாமல் எத்தனை நாள் ஓடியது என்று தினமும் எண் மாற்றுவார்கள். பொன்மணி ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனபோது அதைப் பார்த்தாள். அடுத்த வாரமே நாலாம் வகுப்புச் சுவரில் அதே மாதிரி ஒன்று ஏறியது: 'நாய் கடிக்காத நாட்கள்.' காலையில் வகுப்புத் தலைவன் எழுந்து, "யாரையாவது கடிச்சதா?" என்று கேட்பான். இல்லை என்றால் எண் ஒன்று கூடும். ஆம் என்றால் மறுபடி பூஜ்யம். நூறு நாள் தொட்டால் வகுப்பு முழுவதையும் கும்பளங்கித் தீவுக்குப் படகில் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்தாள். தலைமையாசிரியரும் சரி என்றார்.

பிள்ளைகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் கணக்கு வைத்தார்கள். இருபத்து மூன்றாம் நாள் அனில் என்கிற பையனைத் தெருநாய் ஒன்று கீறிவிட்டது. அவன் சொன்னான், ஊசி போட்டார்கள், பலகையில் பூஜ்யம் ஏறியது. ஒரு வாரம் அவனோடு யாரும் பேசவில்லை. பெயரே 'சீரோ அனில்' ஆயிற்று. வகுப்பாசிரியை ஸாதனா டீச்சர் இதைச் சொன்னபோது பொன்மணி வாய்விட்டுச் சிரித்தாள். பிள்ளைகளுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள் என்றாள்.

அதற்குப் பிறகு பலகையில் பூஜ்யம் வரவே இல்லை.

தொண்ணூற்றாறாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றாவது பெஞ்சில் மகா என்கிற பெண் குனிந்து குனிந்து காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். அப்பா வீரபாண்டிக்குக் கலூரில் கட்டட வேலை. அம்மா பாக்கியலக்ஷ்மி இடக்கொச்சியில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போகிறவள்.

"எந்தா மோளே, கொசுவா?"

"இல்ல ஆண்ட்டி. சும்மா அரிக்குது. ரெண்டு நாளா."

"காட்டு."

மகா சாக்ஸை இறக்கினாள். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளிகள். ஆறி, தோல் மூடி, வெளுத்துப்போன வடு. சுற்றிலும் நகம் பட்டுச் சிவந்திருந்தது. ஆறிப்போன கடிவாய் ஒரு மாதம் கழித்துத் திடீரென்று அரித்தால் அது எதன் தொடக்கமாக இருக்கக்கூடும் என்று பொன்மணிக்குத் தெரியும். அவள் வேலை பார்க்கிற இடத்தில் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

"இது என்னது?"

மகா திரும்பி வகுப்பைப் பார்த்தாள். வகுப்பே அவளைப் பார்த்தது.

"ஆணி கிழிச்சது."

பொன்மணி அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்க் குந்தி உட்கார்ந்தாள். "ஆணிக்கு ரெண்டு பல்லு இருக்காடீ? திட்ட மாட்டேன். எப்ப கடிச்சது?"

"அம்பத்தெட்டுல."

பொன்மணிக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு கணக்குப் போட்டாள். பலகை ஐம்பத்தெட்டு காட்டிய நாள். முப்பத்தெட்டு நாளாகிறது.

"அம்மாகிட்டயும் சொல்லலியா?"

"அம்மா டீச்சர்ட்ட சொல்லிரும்ல. அப்புறம் சீரோ ஆயிரும். எல்லாரும் என்னய ஏசுவாங்க." பிறகு கொஞ்சம் பெருமையாக, "சோப்புப் போட்டுக் கழுவினேன் ஆண்ட்டி. கால் மணி நேரம் எம்புட்டுன்னு தெரியல, ஆயிரம் எண்ணினேன். நாய்க்குட்டி மேல தப்பில்ல. அது தின்னுட்டு இருந்துச்சு, நாந்தான் தொட்டேன்."

"அந்தக் குட்டி எங்க இப்ப?"

"ரெண்டு நாள்ல செத்துப்போச்சு. வாயில நுரை. நாங்க எல்லாரும் சேந்து காயல் ஓரத்துல புதைச்சோம்."

"எல்லாரும்னா? வேற யாரைக் கடிச்சது?"

மகா உதட்டை மடித்துக்கொண்டாள். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் பண்ணிருக்கோம்."

ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்து ஆம்புலன்சில் மருத்துவக் கல்லூரிக்கு. டாக்டர் பொன்மணியைத் தனியே அழைத்து, வந்திருப்பது வெறிநோய் என்றால் இனி ஊசியால் பயனில்லை என்றார். நீங்கள் கால்நடை ஆஸ்பத்திரியில் இருப்பவர், தெரிந்திருக்குமே என்றார். தெரியும்.

பாக்கியலக்ஷ்மி ஷெட்டிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். கையில் இறால் வாடை போகவில்லை. "எங்கிட்ட ஏங்க்கா சொல்லல?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். "அந்த வாரம் குடையத் தொலைச்சுட்டு வந்தான்னு முதுகுல ரெண்டு வெச்சேன். அந்தப் பயத்துலயா சொல்லாம விட்டா? நான் அடிப்பேன்னா?"

பொன்மணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்டது வசதியாகப் போயிற்று.

மறுநாள் காலையிலேயே வகுப்புக்குப் போய்ப் பலகையைக் கழற்றினாள். யாரையெல்லாம் கடித்தது, பல் பட்டவர்கள், நகம் பட்டவர்கள் கை தூக்குங்கள் என்றாள். ஒரு கையும் எழவில்லை. ஸாதனா டீச்சரும் அவளுமாக முப்பது ஜோடிக் கால்களையும் பார்த்தார்கள். வடு இல்லாத கால் ஒன்றும் இல்லை. முள், மதில், சைக்கிள் சங்கிலி. எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகப் போனார். எங்கள் பிள்ளையை ஒன்றும் கடிக்கவில்லை என்று பெற்றவர்கள் சத்தியம் செய்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சாப்பிடும்போது நல்லசிவம் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "எங்க கேட்ல எண்ணு ஏறிட்டிருக்கும்போது விரல் நசுங்கினவன் துணியச் சுத்திக்கிட்டு வெளிய போயிருவான். கூட நிக்கிறவனே போகச் சொல்லுவான். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

வெள்ளிக்கிழமை மகாவால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். செவ்வாய்க்கிழமை பொன்மணி மறுபடி போனாள். இந்த முறை பிள்ளைகள் அவள் முகத்தையே பார்க்கவில்லை. 'பட்டி டீச்சர்' என்று ஒரு சத்தமும் இல்லை. இடைவேளையில் அனிலை வராந்தாவில் பிடித்தாள்.

"நீ அன்னைக்கு தைரியமாச் சொன்னியேடா. இவங்க ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க?"

அனில் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தான். "பறஞ்சா தீர்ந்தது ஆண்ட்டி. மகா உங்கட்டப் பறஞ்சா. நீங்க ஆட்டோல கேத்திக் கொண்டுபோச்சு. பின்ன அவ வந்தில்லல்லோ." சொன்னால் முடிந்தது, சொன்ன மகா ஆட்டோவில் ஏறிப் போனவள் திரும்பவே இல்லை என்கிறான்.

பொன்மணி அங்கேயே நின்றாள். முன்பு எண்ணுக்காக வாயை மூடினார்கள். இப்போது உயிருக்குப் பயந்து மூடுகிறார்கள். இரண்டையும் கற்றுக்கொடுத்தது அவள்தான். அவள் இனி என்ன சொன்னாலும் அந்தப் பிள்ளைகளுக்கு அது ஆட்டோவில் ஏற்றுவதற்கான வலை.

மதியம் பாக்கியலக்ஷ்மி மகாவின் புத்தகப் பையை வாங்கிப்போக வந்தாள். ஸாதனா டீச்சர் பையைக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள். வராந்தாவில் இவர்கள் இருவரும்தான்.

"பாக்கியம், அவ உங்களுக்குப் பயந்து சொல்லாம இருக்கல," என்றாள் பொன்மணி. பலகையைப் பற்றிச் சொன்னாள். கும்பளங்கிப் படகு, அனில், பூஜ்யம், ஐம்பத்தெட்டு, பிள்ளைகள் போட்ட சத்தியம், ஒன்றையும் விடவில்லை. பாக்கியலக்ஷ்மி பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"எண்ணுக்கா?"

"ஆமா."

"நீங்க மாட்டின எண்ணுக்கா?"

"ஆமா."

உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இன்னும் இருக்கு," என்றாள் பொன்மணி. "அந்தக் குட்டி வேற பிள்ளைங்களையும் கடிச்சிருக்கு. அவங்களுக்கு இப்ப ஊசி போட்டாப் போதும், பொழச்சுக்குவாங்க. ஆனா எங்கிட்டப் பறய மாட்டாங்க. பறஞ்சதாலதான் மகா போயிட்டான்னு நெனச்சிட்டிருக்காங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"எங்கிட்ட இதக் கேக்க உங்களுக்கு வாய் வருதா?"

"வரல. கேக்கறேன்."

பாக்கியலக்ஷ்மி செருப்பைக் கழற்றிவிட்டு வகுப்புக்குள் போனாள். வாய்ப்பாடு நின்றது. அவளுக்கு மலையாளம் அவ்வளவாக வராது. தமிழிலேயே பேசினாள். பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"நான் மகா அம்மா. எம்புள்ள சொன்னதால சாகல. கேட்டுக்கங்க. முப்பத்தெட்டு நாளு சொல்லாம வெச்சிருந்தா. ஒரே வீட்டுல, எம்பக்கத்துலதான் படுத்திருந்தா, எனக்குத் தெரியல. மொத நாளே சொல்லிருந்தா ஊசி போட்டுட்டு இந்நேரம் இங்கன ஒக்காந்திருப்பா." மூன்றாவது பெஞ்சைப் பார்த்தாள். "சத்தியம் போட்டீங்களாம்ல. அது எம்புள்ளைக்குப் போட்டது. நான் சொல்றேன், அது முடிஞ்சுபோச்சு."

ஜன்னலோரம் விஷ்ணுப்ரியா என்கிற குழந்தை எழுந்தாள். சட்டைக் கையைத் தோள்வரைக்கும் உருட்டினாள். முழங்கைக்கு மேலே வடு இருந்தது. பின்னால் ஒரு பையன் எழுந்தான். அவனைப் பார்த்து இன்னொருவன்.

பாக்கியலக்ஷ்மி நாலாவது பிள்ளைக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். வரவில்லை. வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அக்கா," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "இனி எங்க வீட்டுப் பக்கம் வந்துராதீங்க."

பொன்மணி தலையசைத்தாள்.

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். விஷ்ணுப்ரியா பொன்மணியின் மடியில். குட்டி கடித்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. இவர்களுக்கு நேரம் மிச்சமிருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. பள்ளியில் ஸாதனா டீச்சர் அவர்கள் வீடுகளுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள்.

"ஆண்ட்டி, ஊசி வலிக்குமா?"

"வலிக்கும்."

"கரையலாமா?" மலையாளத்தில் கேட்டாள், அழலாமா என்று.

"கரஞ்சுக்கோ."

பொன்மணி அவள் முழங்கையைத் திருப்பி அந்த வடுவை விரலால் தடவினாள். "இது அரிக்குதா மோளே?"

விஷ்ணுப்ரியா யோசித்தாள். பக்கத்திலிருந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

"இல்ல," என்றாள் குழந்தை.

அது நிஜம்தானா என்று அறிய வழியில்லை. பொன்மணி டிரைவரைச் சீக்கிரம் போகச் சொன்னாள்.