முகமூடி வீரனின் தாய்

நான் சின்ன வயதிலிருந்து சேர்த்த காமிக்ஸ் புத்தகங்களில் அந்த முகமூடி வீரனுக்குத் தாய் இல்லை. யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் என் மனிசியோடு அவனுடைய படம் பார்த்தபோது, தாய் உயிரோடு வந்து அவனுக்குச் சாப்பாடு போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்லூரில் வீடு வந்து சேரும்வரை படத்தைத் திட்டினேன்.

மறுநாள் மனிசி முதல்தடவையாக என் புத்தகங்களை எடுத்து வாசித்தாள். மூன்றாவதை மூடிவிட்டு, "இஞ்சாருங்கோ, உதிலை அவன் ஒருத்தரோடையும் இருந்து சாப்பிடவேயில்லை. பாவமெல்லே?" என்றாள்.

"ஓம். கதை அப்பிடித்தான்."

"அப்ப படக்காரர் திருத்தினது நல்லதுதானே."

பின்னேரம் மறுபடி அதே படத்துக்குப் போனோம். தாய் வந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அவனுடைய மேலங்கியின் நிறம் பிழை என்பதை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.